நடுகல் படிக்க ஒரு டேப்லெட்: ராமை விடுங்க, பேனாவைப் பாருங்க

டேப்லெட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ராம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைத்தான். படிக்கவும் குறிப்பெழுதவும் வாங்குகிறீர்கள் என்றால் முதலில் பேனாவைப் பற்றிக் கேளுங்கள். அடுத்து திரையின் அளவு. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் தர்மபுரி பக்கம் அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். விடுமுறை என்றால் நடுகல் பார்க்கக் கிளம்பிவிடுவேன். இங்கேயும் கிருஷ்ணகிரியிலும் ஏரிக்கரை, வயல் வரப்பு, கோயில் வாசல் என்று கல் நிற்காத பக்கம் குறைவு. மாட்டு மந்தையை மீட்கப் போய் உயிர்விட்டவனுக்கு ஊர் எடுத்த கல். ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்கிற மாதிரி வட்டெழுத்தில், அதாவது தமிழின் பழைய வளைந்த எழுத்துமுறையில், வெட்டியிருப்பார்கள். தொறு என்றால் மாட்டு மந்தை.

அந்த எழுத்தைப் படிக்கத்தான் எனக்கு டேப்லெட் தேவைப்பட்டது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது போனில் படம் எடுப்பேன். அந்த நேரத்தில்தான் தேய்ந்த வெட்டுகூட நிழல் கட்டித் தெரியும். பிறகு வீட்டில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தின் மேலும் சிவப்பில் கோடு இழுத்துப் பார்க்க வேண்டும். வட்டெழுத்தில் பவும் வவும் யவும் கிட்டத்தட்ட ஒரே வளைவு. கோடு அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் ஆள் பெயரே மாறிவிடும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பையன், “மேடம், எட்டு ஜிபி ராம், பேனாவும் ஃப்ரீ” என்று ஒன்றை எடுத்து வைத்தான். “இருப்பா தம்பி, எழுதிப் பார்க்கிறேன்” என்று உள்ளங்கையைக் கண்ணாடியில் நன்றாக ஊன்றி ‘ழ’ எழுதினேன். கை பட்ட இடத்திலெல்லாம் புள்ளி விழுந்தது. ழவின் கீழ்ச்சுழி பாதியில் அறுந்து நின்றது. இலவசமாகக் கொடுத்த அந்தப் பேனாவின் முனையில் இருந்தது வெறும் ரப்பர். திரைக்கு அதுவும் விரலும் ஒன்றுதான். அதை வைத்துவிட்டு சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட்டில் அதே ழவை எழுதினேன். கையை ஊன்றியபடியே எழுத்து முழுசாக விழுந்தது. லேசாக எழுதினால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு. அதையே வாங்கிவிட்டேன்.

வித்தியாசம் உள்ளே இருக்கும் நுட்பத்தில். இதன் திரைக்கு அடியில் மெல்லிய கம்பிச் சுருள்களால் ஒரு வலை இருக்கிறது. அதிலிருந்து எழும் மின்காந்தப் புலம் பேனாவுக்குள் இருக்கும் சுருளைத் தூண்டுகிறது. பேனா பதிலுக்கு அனுப்பும் சிக்னலை வைத்து முனை எங்கே, அழுத்தம் எவ்வளவு என்று டேப்லெட் கணக்கிடுகிறது. அதனால் பேனாவுக்கு பேட்டரியும் இல்லை, சார்ஜும் வேண்டாம். விரலைத் திரை உணர்வது வேறு வழியில், நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்துவதை வைத்து. இரண்டும் தனித்தனி என்பதால் பேனா பக்கத்தில் வந்ததும் கையை ஒதுக்கிவிட முடிகிறது.

இந்தச் சாதனங்களின் கதையில் பேனாதான் முதலில் வந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் ரேண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 1964-லேயே பேனாவால் எழுதிக் கணினிக்கு அனுப்பும் பலகையைச் செய்துவிட்டது. 1972-ல் கணினி விஞ்ஞானி ஆலன் கே குழந்தைகள் கையில் புத்தகம் மாதிரி எடுத்துப்போகும் கணினியைப் பற்றி எழுதினார். டைனாபுக் என்று பெயரும் வைத்தார். ஓர் ஆசிரியையாக எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான், அவர் முதலில் நினைத்தது குழந்தைகளை. 1989-ல் வந்த கிரிட்பேட் என்ற டேப்லெட் சுமார் இரண்டு கிலோ. பேனாவால் படிவம் நிரப்பத்தான் அதிகம் பயன்பட்டது. 2002-ல் மைக்ரோசாஃப்ட் முன்னிறுத்திய டேப்லெட் பிசியும் பேனாவை நம்பியதுதான், ஆனால் லேப்டாப் கனம், லேப்டாப் விலை. 2007-ல் ஐபோனை அறிமுகப்படுத்திய மேடையிலேயே ஸ்டைலஸ், அதாவது திரையில் எழுதும் பேனா, யாருக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டார் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ். 2010-ல் ஐபேட் விரலுக்கென்றே வந்தது, உலகமே வாங்கியது. 2015-ல் அதே ஆப்பிள் ஐபேட் ப்ரோவுக்குப் பென்சில் என்ற பெயரில் பேனா விற்றது. படம் பார்க்க விரல் போதும். எழுத வேண்டும் என்றால் பேனா வேண்டும்.

திரை அளவுக்கு வருகிறேன். நான் வாங்கிய டேப்லெட்டின் திரை 10.4 அங்குலம். நிமிர்த்திப் பிடித்தால் சுமார் 13.6 சென்டிமீட்டர் அகலம், 22.6 உயரம். நம் ஊரில் பெரும்பாலான புத்தகங்கள் வரும் டெம்மி அளவுக்கு ஏறக்குறைய சமம். தமிழ் மின்னூலகத்தில் இருக்கும் ஸ்கேன் பிடிஎஃப்களை அச்சிட்ட அளவிலேயே வாசிக்கலாம், பக்கத்தை இழுத்து இழுத்து நகர்த்த வேண்டியதில்லை. எட்டு அங்குலத்தில் அடிக்குறிப்பைப் படிக்கக் கண் வலிக்கிறது. எடை அரை கிலோவுக்குள். மெமரி கார்டு போடலாம். கல்வெட்டுப் படங்கள் நிறைய வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய வசதி.

களத்தில் கொஞ்சம் சிரமம் உண்டு. எந்த கம்பெனியானாலும் எல்சிடி திரை உச்சி வெயிலில் மங்கத்தான் செய்யும். புளியமர நிழலுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். படம் எடுக்க டேப்லெட் கேமராவை நம்ப வேண்டாம், போனே மேல்.

இந்த மாடல் 2020-ல் வந்தது. 2022, 2024-ல் சிப்பை மாற்றி அதே உருவத்தில் விட்டார்கள். கடையில் எந்த வருஷத்து மாடல் என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள், பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்பதையும் கேளுங்கள். வேறு கம்பெனியில் பார்த்தாலும் சரி, காசு கொடுக்கும் முன்னால் உள்ளங்கையை ஊன்றி ஒரு ழ எழுதிப் பாருங்கள். எழுத விடாத கடையில் வாங்காதீர்கள்.