முக்குளிக்க எந்தப் படகு: வள்ளமா, விசைப்படகா, கேட்டமரானா?

மார்த்தாண்டம், கொல்லங்கோடு பகுதிகளிலிருந்து எல்லையைத் தாண்டிக் கோவளம், விழிஞ்ஞம் பக்கம் ஸ்கூபா முக்குளிக்கச் செல்லும் நம்மவர்கள் கட்டணத்தையும் பயிற்றுநரையும் பற்றி நன்றாக விசாரிக்கிறார்கள். படகைப் பற்றிக் கேட்பவர் குறைவு. நீரில் குதிப்பதற்கு எந்தப் படகும் போதும். முக்கால் மணி நேரம் கழித்து, களைத்த உடலோடு அலைக்கு நடுவில் மேலே வரும்போதுதான் படகின் தரம் தெரியும். ஆகவே, திரும்ப ஏறும் அந்த நேரத்தை வைத்தே மூன்று வகைப் படகுகளையும் ஒப்பிடுகிறேன்.

அவுட்போர்டு இஞ்சின் பொருத்திய ஃபைபர் வள்ளம் நமக்கு மிகவும் பழக்கமானது. கடலடிப் பாறைத் திட்டான பாருக்கு விரைவில் போய்ச் சேரும். நீரோட்டத்தில் ஒருவர் விலகிப் போனாலும் நொடியில் திரும்பி அவர் அருகே வந்து நிற்கும். விளிம்பு தாழ்வாக இருப்பதால் அதில் அமர்ந்து பின்பக்கமாகச் சாய்ந்து நீரில் விழுவது எளிது. ஏறுவதுதான் சிரமம். பெரும்பாலான வள்ளங்களில் ஏணி கிடையாது. காற்று நிறைந்த அலுமினியச் சிலிண்டர் ஒன்றே ஏறக்குறைய 17 கிலோ எடை இருக்கும். உடல் மிதக்காமல் மூழ்கக் கட்டும் ஈயக்கட்டியையும் சிலிண்டரையும் நீரிலேயே கழற்றி மேலே கொடுத்துவிட்டு, படகுக்காரரின் கையைப் பிடித்து விளிம்பின் மேல் வயிறு உரசத்தான் ஏற வேண்டும். ஒருமுறை நான் அப்படி ஏறுகையில் அலை வள்ளத்தைத் தூக்கிப் போட்டதில் விலா எலும்பின் மேல் விழுந்த நீலம் பத்து நாள் மறையவில்லை. “மக்களே, கையை விடாதே” என்று கத்திய அந்த அண்ணனின் பிடி மட்டும் தளர்ந்திருந்தால், அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், சுற்றிக்கொண்டிருந்த புரொப்பெல்லரின் பக்கம்தான் போயிருப்பேன். ஆள் ஏறும்போது இஞ்சினை நியூட்ரலில் போட்டால் போதாது, முழுவதுமாக நிறுத்த வேண்டும் என்பதை அன்றுதான் உடலால் உணர்ந்தேன்.

மரத்தாலான விசைப்படகு இதற்கு நேர் எதிரானது. நிழல் உண்டு, தளம் அகலமானது, சிலிண்டர்களை வரிசையாக நிறுத்திக் கட்டி வைக்கலாம், ஆக்சிஜன், குடிநீர், வயர்லெஸ் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். ஆனால் பக்கச் சுவர் உயரம் என்பதால் நீண்ட ஏணி தேவைப்படுகிறது. படகு உருளும்போது அந்த ஏணி நீரை விட்டு எழுந்து, கீழே காத்திருப்பவரின் தலைக்கு நேராக இறங்குகிறது. அமரத்தில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு மேடை அமைத்திருந்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கிவிடும். மேடை இல்லாத விசைப்படகை நான் எடுக்க மாட்டேன். டீசல் புகையையும் கவனிக்க வேண்டும். குமட்டல் ஒருபுறம் இருக்க, படகிலேயே கம்ப்ரசர் வைத்துச் சிலிண்டர் நிரப்பினால், காற்றை உறிஞ்சும் குழாய் புகைப்போக்கிக்கு எதிர்த்திசையில் காற்று வரும் பக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போய்விடும். ஆழத்தில் அழுத்தம் கூடக் கூட அதன் நஞ்சும் கூடும்.

கேட்டமரான் நம் பக்கம் அரிது. அந்த ஆங்கிலப் பெயர் நமது கட்டுமரத்திலிருந்து போனது என்றாலும், இது மரங்களைச் சேர்த்துக் கட்டியதன்று. இரண்டு உடல்களை ஒரே தளத்தால் இணைத்த படகு. நங்கூரமிட்டு நிற்கும்போது குறைவாகவே உருளும். புரொப்பெல்லர்கள் இரு ஓரங்களிலும் இருப்பதால் ஏணியை நடுவில் இறக்க முடியும். வசதியில் முதலிடம் இதற்கே. வாடகையிலும் அப்படித்தான்.

எந்தப் படகானாலும் முதலுதவிக்கான ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அழுத்தம் குறையும்போது ஏற்படும் நோய்க்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் வரை கொடுக்க வேண்டியிருக்கும். 400 லிட்டர் சிலிண்டர் அரை மணி நேரத்துக்குக்கூடக் காணாது. வயர்லெஸ்ஸில் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கைபேசியில் கடலோரக் காவல்படையின் 1554 எண் இருக்கட்டும். படகு கிளம்புமுன் தலைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துப் பதில் வாங்க வேண்டும். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஒரு படகு இருவரைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரை திரும்பியது. அவர்கள் இல்லை என்பது இரண்டு நாள் கழித்தே தெரிந்தது. இருவரும் கிடைக்கவே இல்லை.

புதியவர்கள் இருக்கும் குழுவுக்கு, மேடை உள்ள விசைப்படகையே தேர்ந்தெடுப்பேன். பழகிய நான்கு பேர், கடல் அமைதியாகக் கிடக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தில் போவதானால், வள்ளமே எனக்குப் பிடிக்கும், ஏணி இருந்தால். நான் இப்போது போகும் வள்ளக்காரர் வெல்டிங் பட்டறையில் சொல்லி, துருப்பிடிக்காத குழாயில் மீன்முள் வடிவ ஏணி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார். நடுவில் ஒரே தண்டு, இருபுறமும் நீட்டிய படிகள், அவற்றில் மூன்று நீருக்குள். காலில் மாட்டிய நீச்சல் துடுப்பான ஃபின்னைக் கழற்றாமலே, சிலிண்டரை முதுகில் சுமந்தபடி, யார் கையையும் எதிர்பாராமல் ஏறிவிடுகிறேன்.