அம்மாவுடன் கோலாலம்பூரில் ஒரு நாள், ரயிலிலேயே

மெல்பர்னிலிருந்து கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் கிள்ளானுக்கு வரும்போதெல்லாம் தம்பியின் காரை நம்பித்தான் எங்கேயும் போவோம். இந்த முறை அம்மாவும் நானும் கோமுட்டர் என்னும் புறநகர் ரயிலிலும் எல்ஆர்டி என்னும் நகர ரயிலிலுமே கோலாலம்பூரைச் சுற்றிப் பார்த்தோம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. அவரைப் போன்றவர்களை அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பத்துமலை முருகன் கோயிலுக்குக் காரே வேண்டாம். கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் மாறி ஏறினால் வண்டி கோயில் பக்கத்திலேயே கொண்டுபோய் விடுகிறது. 2010இல் இந்த ரயில் சேவை தொடங்கியது. அதற்கு வெகுகாலம் முன்பு தைப்பூசத்துக்குத் தோட்டத்திலிருந்து லாரியில், சோற்று மூட்டையோடு வந்த கதையை அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அறுபது வயதைத் தாண்டிய மலேசியர்களுக்குக் கட்டணத்தில் பாதிதான், மைகார்டை (மலேசிய அடையாள அட்டை) மறக்காமல் கொண்டுபோங்கள். நடுவில் பெண்களுக்கென்றே பெட்டி இருப்பது அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

42.7 மீட்டர் முருகன் சிலைக்குப் பக்கத்தில் 272 படிகள். 2018இல் வண்ணம் பூசியதிலிருந்து அங்கே கூட்டத்துக்குக் குறைவே இல்லை. வெளிநாட்டுப் பயணிகளும் குரங்குகளும் பால்குடம் எடுத்தவர்களுமாகப் படி நிறைந்திருந்தது. அம்மா கீழேயே நின்று கும்பிட்டார். இளவயதில் காவடிக்குப் பின்னாலேயே மேலே ஏறியவர் அவர். 1892 முதல் இங்கே தைப்பூசம் நடக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஏறி வந்தவர்கள் வயதானதும் அடிவாரத்தோடு நின்றுவிட வேண்டியிருக்கிறது. மின்படி அமைக்கும் பேச்சு சில ஆண்டுகளாகவே இருக்கிறது. அது சீக்கிரம் நடக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தபோது இன்னும் வருத்தமாக இருந்தது.

நிலையத்தை ஒட்டியே இருக்கும் இராமாயணக் குகைக்கு அம்மாவால் வர முடிந்தது. வாசலில் பெரிய அனுமார். உள்ளே சிலைகளாகவே கதை முழுவதும் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம்.

திரும்பும்போது பழைய கோலாலம்பூர் நிலையத்தில் இறங்கினோம். 1910இல் கட்டிய அந்த வெள்ளைக் கட்டடத்தை நின்று பார்க்காமல் போகாதீர்கள். அங்கிருந்து நடைபாலம் வழியாகப் பசார் செனி எல்ஆர்டி நிலையத்துக்குப் போய்விடலாம். அன்று நாங்கள் போன நிலையங்களில் ஒன்றில் லிஃப்ட் ஓடவில்லை. பழுது என்று தாள் ஒட்டியிருந்தார்கள், வேறு எந்தப் பக்கம் போவது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அங்கு வேலை செய்யும் ஒரு மலாய்ப் பெண் "ஆன்ட்டி, மெதுவா" என்று தமிழில் சொல்லி, சுற்று வழியில் கடைசிவரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

பசார் செனியிலிருந்து மகாமாரியம்மன் கோயில் சில நிமிட நடைதான். ஆனால் நடைபாதை அம்மாவைப் படுத்திவிட்டது. ஓரிடத்தில் கல் பெயர்ந்திருந்தது, இன்னோரிடத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ரயிலுக்கு இவ்வளவு செலவு செய்த ஊரில், ரயிலை விட்டு இறங்கி நடக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தையும் சரி செய்தால் எத்தனையோ வயதானவர்கள் தைரியமாக வெளியே வருவார்கள். கோயில் 1873இல் உருவானது. பத்துமலைக் கோயிலைத் தொடங்கிய தம்புசாமிப் பிள்ளைதான் இதற்கும் காரணகர்த்தா. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இங்கிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படுகிறது. ஒரே நாளில் இரண்டு கோயில்களையும் பார்த்ததில் அம்மாவுக்கு அப்படி ஒரு திருப்தி.

அப்புறம் லெபோ அம்பாங் தெருவில் வாழையிலைச் சாப்பாடு. ரசம் கேட்காமலேயே இரண்டாம் முறை வந்தது.

பசார் செனியிலிருந்து எல்ஆர்டியில் ஒரு நிறுத்தம் தள்ளி மஸ்ஜித் ஜாமேக். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் முனையில் 1909இல் கட்டிய பள்ளிவாசல். தொழுகை நேரம் தவிர மற்ற நேரங்களில் உள்ளே விடுகிறார்கள், மேலங்கியும் அங்கேயே தருகிறார்கள். அதே ரயில் பாதையில் கேஎல்சிசி நிலையம். அங்கே இருக்கும் 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தின் மேலே போக மைகார்டு இருந்தால் கட்டணம் குறைவு, திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். அம்மாவுக்கு மேலே போக ஆசையில்லை. கோபுரத்தை ஒட்டிய பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்தோம்.

வேலை முடிந்து திரும்பும் கூட்டத்தோடு எல்ஆர்டியில் ஏறியதுதான் அன்றைய பெரிய சிரமம். ஒரு பள்ளி மாணவி எழுந்து இடம் கொடுத்தாள். வயதானவர்களோடு போகிறவர்கள் மாலை ஐந்துக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். இல்லையென்றால் ஏழரை வரை பூங்காவிலேயே இருங்கள், இருட்டியதும் நீரூற்றில் விளக்கு போடுவார்கள்.