வாக்குறுதி நோட்டு: ஒன்பது வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

வேட்பாளர்களும் கட்சிகளும் தரும் வாக்குறுதிகளை எழுதி வைக்கிற இந்த நோட்டை 2016 சட்டமன்றத் தேர்தல் பிரசாரத்தின்போதுதான் தொடங்கினேன். எங்கள் ஊர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய மாதம்தான், பிரசவ வலியில் ஒரு பெண் ஆட்டோவுக்குள் துடிக்க, கேட் திறக்க இருபது நிமிஷம் ஆனதைக் கடை வாசலில் நின்று பார்த்திருந்தேன். அதே இடத்துக்குத் திறந்த ஜீப்பில் வந்த ஒரு வேட்பாளர், "ஜெயிச்ச நூறே நாள்ல இங்க மேம்பாலம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அன்று இரவு 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்து, தேதி, நேரம், அவர் நின்ற இடம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். அவர் ஜெயித்தார்.

நூறு நாள் போய், ஒரு வருஷமும் போனது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நெடுஞ்சாலைத் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். "பாலம் ஏன் கட்டவில்லை?" என்பதுதான் என் கேள்வி. விளக்கம் கேட்க இந்தச் சட்டத்தில் இடமில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. கோபம் வந்தாலும், தவறு என்னுடையதுதான் என்று பிறகு புரிந்தது. கோப்பில் இருக்கிற தகவலைத்தான் இந்தச் சட்டம் வாங்கித் தரும். 'ஏன்' என்று கேட்டால் கதவு மூடிக்கொள்ளும், 'நகல் கொடுங்கள்' என்றால் திறக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது மனுவில், இந்தக் கேட்டுக்கு மேம்பாலம் கேட்டு அனுப்பிய கருத்துருவின் (திட்ட முன்மொழிவின்) நகலும், இது தொடர்பாக எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் எழுதிய கடிதங்களின் நகலும் வேண்டும் என்று கேட்டேன். 30 நாளில் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு செய்த பிறகு ஒற்றைத் தாள் வந்தது. 'கருத்துரு ஏதும் நிலுவையில் இல்லை. கடிதம் ஏதும் வரப்பெறவில்லை.' அதைப் படித்தபோது அந்த ஆட்டோதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. பாலம் கட்டுவது பெரிய வேலை, தாமதமாகும், சரி. ஒரு கடிதம் எழுத எத்தனை நேரம் ஆகும்?

அப்புறம்தான் மேம்பாலம் எப்படி வருகிறது என்று விசாரித்தேன். ஒரு நாளில் கேட்டைக் கடக்கிற ரயில்களின் எண்ணிக்கையை வாகனங்களின் எண்ணிக்கையோடு பெருக்குகிறார்கள். அது ஒரு லட்சத்தைத் தாண்டினால் ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பங்கிட்டுக் கட்டலாம். தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதி ரயில்வேயின் பொறுப்பு. இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் சாலைக்கு மாநில அரசு நிலம் எடுக்க வேண்டும். மண் பரிசோதனை, விரிவான திட்ட அறிக்கை, நிதி ஒதுக்கீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்தான், இந்த வேலைக்கு அது எந்த மூலைக்கு? நூறு நாள் என்று சொன்னபோதே அது நடக்காது என்று விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். அவரும் விசாரிக்கவில்லை, கைதட்டிய நாங்களும் விசாரிக்கவில்லை.

துறையிடமிருந்து வந்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான்கு பெண்களாகச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனோம். தனியாகப் போகாதீர்கள், இது அனுபவத்தில் சொல்கிறேன். உதவியாளர் குரலை உயர்த்தினார். உள்ளே இருந்தவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "உட்காருங்க அக்கா" என்றார். இரண்டு மாதத்தில் கடிதம் போனது, அதன் நகலையும் மனு போட்டே வாங்கினேன்.

கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளையும் நோட்டில் ஒட்டி வைக்கிறேன். 2016-ல் படிப்படியாக மதுவிலக்கு என்றது அ.தி.மு.க. அந்த ஆண்டு 500 கடைகளும் 2017-ல் இன்னொரு 500 கடைகளும் மூடப்பட்டன, முழு மதுவிலக்கு வரவில்லை. 2021-ல் தி.மு.க. 505 வாக்குறுதிகள் கொடுத்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்துக்குப் பதவியேற்ற அன்றே கையெழுத்தானது. பெட்ரோலுக்கு 5 ரூபாய் குறைப்பு என்றார்கள், குறைந்தது 3 ரூபாய். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் வந்தது, வருமான வரம்போடு. நீட் விலக்கு மசோதா சட்டமன்றத்தில் இரண்டு முறை நிறைவேறியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஒட்டி வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மாநில அரசு ஒரு கையெழுத்தில் செய்யக்கூடியது சீக்கிரம் வருகிறது, இன்னொருவர் கையில் சாவி இருப்பது இழுக்கிறது. அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

சட்டம் இதில் அதிகம் உதவாது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பின்படி தேர்தல் ஆணையம் 2014-ல் நடத்தை விதிகளில் ஒரு பகுதியைச் சேர்த்தது. வாக்குறுதிக்கான காரணத்தையும் அதற்குப் பணம் வரும் வழியையும் பொதுவாகவாவது கட்சிகள் சொல்ல வேண்டும் என்கிறது அது. சொல்லாவிட்டால் தண்டனை என்று எதுவும் இல்லை. வேட்பாளர் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு எல்லாம் இருக்கும், கொடுத்த வாக்குறுதி இருக்காது. ஆனாலும் ஆணையம் சொன்ன அந்த வரியை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சின் தொனி மாறுகிறது.

கிராம சபையும் எனக்கு நன்றாகவே உதவியது. இப்போது ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. பாலத்துக்காகத் தீர்மானம் போட வைத்தோம். போடுவதோடு விட்டுவிட்டால் அது பதிவேட்டில் தூங்கும். அடுத்த கூட்டத்தில் எழுந்து, "போன தடவை போட்ட தீர்மானம் என்னாச்சுங்க?" என்று கேட்க ஒருவராவது வேண்டும்.

2021 பிரசாரத்தில் வேறொரு வேட்பாளர் அதே கேட்டுக்கு வந்து அதே பாலத்தைச் சொன்னார். இந்த முறை கைதட்டுவதற்கு முன்னால் கேட்டோம். "இது உங்க அதிகாரத்துல இருக்குதுங்களா? பணம் யாரு தருவாங்க? முதல் வருஷம் என்ன நடக்கும்?" ஜீப்பில் இருந்த மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாலம் எப்ப முடியும்னு என்னால சொல்ல முடியாதுங்க அக்கா. திட்ட அறிக்கைக்கு முதல் வருஷமே சட்டமன்றத்துல கேட்பேன்" என்றார். ஒன்பது வருஷத்தில் என் நோட்டில் ஏறிய மிகச் சிறிய வாக்குறுதி அதுதான். அதை அவர் செய்தார்.

சிரமங்களும் உண்டு. 'இவளுக்கு எந்தக் கட்சி காசு கொடுக்குது' என்ற பேச்சைக் கேட்டிருக்கிறேன். கட்சிக்காரர்கள் சிலர் என் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் மேல்முறையீட்டுக்குத் தகவல் ஆணையத்துக்குப் போனால் காத்திருப்பு பொறுமையைச் சோதிக்கும். வேட்பாளர் பேசுவதை செல்போனில் பதிவு செய்யாமல் விட்ட இடங்களில், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்ற பதிலுக்கு முன்னால் நோட்டு நிற்கவில்லை. இப்போது பதிவு செய்யாமல் எதையும் எழுதுவதில்லை.

இப்போது பாலத்துக்கு அளவுக் கற்கள் நட்டிருக்கிறார்கள். கேட் இன்னும் மூடித் திறந்துகொண்டுதான் இருக்கிறது. போன மாதம் நான்கு வீடுகளுக்கு நிலம் எடுப்பு நோட்டீஸ் வந்தது. அதில் ஒரு வீட்டு அம்மா அதை நகல் எடுக்கக் கடைக்கு வந்து, "பாலம் வரட்டும் கண்ணு, எங்களுக்கு என்ன கொடுப்பாங்கன்னு யாரைக் கேட்கறது?" என்றார். 2026-க்கு வாங்கிய புது நோட்டின் முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியைத்தான் எழுதியிருக்கிறேன்.