கால்ட்ரெயினில் பன்னிரண்டு ஆண்டுகள்: டீசலும் மின்சாரமும்

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவையும் சான் ஹொசேவையும் இணைக்கும் புறநகர் ரயில் கால்ட்ரெயின். 2013-லிருந்து நடுவழியில் மவுன்டன் வியூவில் ஏறி சான் பிரான்சிஸ்கோவில் இறங்குகிறேன். பெருந்தொற்றுக் காலத்தை விட்டால், வாரத்துக்கு மூன்று நாளாவது கால்ட்ரெயின்தான். அதில் பெரும்பகுதி டீசல் வண்டி. 2024 செப்டம்பர் 21 முதல் சான் ஹொசே வரை முழுக்க மின்சாரம்.

ஊரிலிருந்து வந்த அம்மாவைக் கோடையில் ஒருநாள் கூட்டிப்போனேன். மேல்தளத்தில் உட்கார்ந்து, பைக்குள் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “கிளம்பிடுச்சாப்பா?” என்றார். பிளாட்பாரம் அதற்குள் பின்னால் போயிருந்தது. பழைய வண்டியில் இப்படிக் கேட்கவே வேண்டியிருக்காது. இன்ஜின் உறுமும், பெட்டிகள் ஒன்றையொன்று இழுக்கும், முதுகில் ஒரு தள்ளு விழும், அப்புறம்தான் நகரும்.

ஸ்டாட்லர் என்ற சுவிஸ் நிறுவனம் செய்த புதிய வண்டியில் தனி இன்ஜின் கிடையாது. மோட்டார்கள் பெட்டிகளின் அடியிலேயே பிரிந்து இருப்பதால் சட்டென்று வேகம் பிடிக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்படி மிச்சமாகும் நேரம் சேர்ந்துகொண்டே போகிறது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து எல்லா நிலையத்திலும் நின்று சான் ஹொசே போக முன்பு 100 நிமிடம், இப்போது 75. விரைவு வண்டி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. பிரேக் போடும்போது உண்டாகும் மின்சாரம் திரும்ப மேலே செல்லும் மின்கம்பிக்கே போகிறது. இருக்கைக்கு இருக்கை பிளக் பாயின்ட் உண்டு, வைஃபையும் உண்டு.

ஆனால் என் வாழ்க்கையை மாற்றியது வேகம் அல்ல. சனி, ஞாயிறுகளில் மணிக்கு ஒரு ரயில் என்றிருந்தது அரைமணிக்கு ஒன்று ஆகியிருக்கிறது. இப்போது அட்டவணையைப் பார்க்காமலே வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். ஒரு வண்டி போய்விட்டாலும் பதற்றமில்லை. சனிக்கிழமை காலையில் தள்ளுவண்டிக் குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக ஏறுகிறார்கள். டீசல் நாட்களில் நான் அதிகம் பார்க்காத காட்சி இது.

1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்ட தாம்பரம் பாதையில் கல்லூரிக்குப் போனவன் நான். இங்கே ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். எல்லாம் பணம்தான். மொத்தச் செலவு 244 கோடி டாலர். மத்திய அரசு தரவேண்டிய 64.7 கோடி 2017 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டு, மே மாதம்தான் கையெழுத்தானது.

கட்டுவதற்குத்தான் இந்தப் பாடு என்றில்லை, ஓட்டுவதற்கும் நிலையான வருமானம் கிடையாது. டிக்கெட் காசையும், வழியிலுள்ள மூன்று கவுண்டிகளின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) போக்குவரத்து அமைப்புகள் ஆண்டுதோறும் தரும் பங்கையும் நம்பித்தான் ஓடியது. 2020-ல் பயணிகள் அடியோடு நின்றபோது ரயிலே நின்றுவிடுமோ என்று பயந்தேன். அந்த நவம்பரில் ‘மெஷர் ஆர்ஆர்’ வாக்கெடுப்பு வந்தது. டாலருக்கு எட்டில் ஒரு சென்ட் விற்பனை வரி, 30 ஆண்டுகளுக்கு. அதாவது நூறு டாலருக்குச் சாமான் வாங்கினால் பன்னிரண்டரை சென்ட். ஜெயிக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கிட்டத்தட்ட 69 சதவீதம் கிடைத்தது. ஊரே வீட்டுக்குள் அடைந்துகிடந்த நேரத்தில், ரயிலே ஏறாதவர்களும் சேர்ந்து போட்ட ஓட்டு அது. அதை நன்றியோடுதான் நினைக்கிறேன்.

அந்தப் பணமும் இப்போது போதவில்லை. அலுவலகம் போகிறவர்கள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை, ரயிலின் எண்ணிக்கையோ கூடியிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் ஐந்து கவுண்டிகளில் இன்னொரு விற்பனை வரிக்காக மக்களிடம் போக வழிசெய்யும் சட்டம் 2025 அக்டோபரில் கையெழுத்தானது. வரி என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்களிடம் நான் ஒன்றுதான் சொல்கிறேன்: ஓட்டுப் போடும் முன் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு ஏறிப் பாருங்கள்.

மாறவேண்டியது இன்னும் இருக்கிறது. வழியெங்கும் நாற்பதுக்கு மேல் லெவல் கிராசிங்குகள். பாலோ ஆல்டோவில் மட்டும் நான்கு. ரயில் அமைதியாகிவிட்டது, ஆனால் ஒவ்வொரு கேட்டிலும் ஹாரன் அடித்தே ஆகவேண்டும். சாலையைக் கீழேயோ தண்டவாளத்தை மேலேயோ கொண்டுபோக ஊருக்கு ஊர் தனியாகப் பணம் திரட்ட வேண்டும்.

சான் ஹொசேவுக்குத் தெற்கே கில்ராய் பக்கம் மின்கம்பியே போகவில்லை. அங்கே தண்டவாளம் யூனியன் பசிபிக் என்ற சரக்கு ரயில் நிறுவனத்துடையது. சான் ஹொசேயின் டிரிடான் நிலையத்தில் இறங்கி டீசலுக்கு மாறவேண்டும், வார நாட்களில் மட்டும் நாலைந்து வண்டிகள். அந்தப் பாதைக்காக பேட்டரியிலும் ஓடும் வண்டி ஒன்றுக்கு 2023-ல் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். அது வந்ததும் கில்ராய் வரை போய்ப் பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.