துப்பாக்கி, தோட்டா, பயிற்சி மூன்றையும் ஒரே கடையில் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

டெக்சாஸில் வசிக்கும் நம்மவர்கள் சிலர் அண்மைக் காலமாக நெடுந்தூரத் துப்பாக்கி சுடுதலில் ஆர்வம் கொண்டு, எந்தத் துப்பாக்கி வாங்குவது, யாரிடம் கற்பது என்று விசாரித்து வருகிறார்கள். அவர்களில் இருவருக்கு, என்னிடம் விற்கப்பட்ட அதே தொகுப்பு, அதே வாக்குறுதிகளோடு இப்போது பரிந்துரைக்கப்பட்டிருப்பதை அறிந்த பிறகு இதை எழுதுவது அவசியமாயிற்று. புகார் இன்னும் முடிவடையாததால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். பெயரைவிட அவர்கள் விற்கும் முறை தெரிந்திருப்பதே பயன் தரும். அந்த முறையைப் பின்பற்றுவது அந்த ஒரு கடை மட்டுமன்று.

தொகுப்பின் உள்ளடக்கம் இதுதான்: 300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கான துப்பாக்கி ஒன்று, குழல்முனையில் பின்னுதையைக் குறைக்கும் மசில் பிரேக், கடையின் சொந்தப் பெயர் பொறித்த 25 மடங்கு உருப்பெருக்க ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), கடையிலேயே நிரப்பப்பட்ட தோட்டாக்கள் சில பெட்டிகள், வார இறுதிப் பயிற்சி ஒன்று. எல்லாம் சேர்த்து ஆறாயிரம் டாலருக்குச் சற்று மேல். பயிற்சியின் முடிவில் 1000 கஜத் தொலைவில் இலக்கைத் தாக்குவது உறுதி என்று எழுத்திலேயே தந்தார்கள். அந்த உறுதிமொழியை அவர்கள் காப்பாற்றவும் செய்தார்கள். ஏமாற்று வேலை முழுவதும் அதைக் காப்பாற்றிய விதத்தில்தான் இருக்கிறது.

பயிற்சியில் சுட்டது மூன்றடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட இரும்புத் தகட்டை. பார்ப்பதற்கு அது வெகு தொலைவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும்; அதில் குண்டு பட்டு ஓசை திரும்பி வரும்போது எவருக்கும் பெருமிதம் ஏற்படும். ஆனால் எஃப் கிளாஸ் எனப்படும் நெடுந்தூரப் போட்டியில் 1000 கஜத்துக்கான இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் வெறும் 10 அங்குலம், அதனுள் இருக்கும் எக்ஸ் வளையத்தின் விட்டம் 5 அங்குலம் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், அந்தத் தகட்டில் படாமல் போவதுதான் கடினம் என்பது விளங்கும். மேலும், குண்டு தாழ்வதை ஈடுகட்ட ஒவ்வொருவரும் ஸ்கோப்பின் திருகை எத்தனை அளவு திருப்ப வேண்டும் என்பதை ஓர் அட்டையில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். காற்றுக்கு எவ்வளவு தள்ளிக் குறிவைக்க வேண்டும் என்பதைப் பயிற்றுநரே ஒவ்வொரு முறையும் காதருகில் சொன்னார். காற்று எழும்பாத விடியற்பொழுதிலேயே 1000 கஜச் சுடுதலை முடித்துவிட்டு, வெயில் ஏறிக் காற்று வீசத் தொடங்கியதும் எங்களை வகுப்பறைக்குள் அழைத்துச் சென்று படக்காட்சி காட்டினார்கள். நாங்கள் செய்ததெல்லாம் விசையை இழுத்தது மட்டுமே.

அட்டையில் இருந்த ஓர் எண்தான் பின்னர் முழுவதையும் அம்பலப்படுத்தியது. என் துப்பாக்கிக்கு 1000 கஜத்தில் 28¾ எம்ஓஏ (கோணத்தை அளக்கும் அலகு) திருப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. குண்டின் எடை, வேகம், காற்றுத்தடைக் கெழு ஆகியவற்றை உள்ளிட்டுக் கைபேசிச் செயலியில் கணக்கிட்டபோது 27 என்று வந்தது. ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டதற்கு, சுடுதளம் கடல் மட்டத்திலிருந்து உயரத்தில் இருப்பதால் அப்படித்தான் வரும் என்றார் பயிற்றுநர். உண்மை இதற்கு நேர்மாறானது. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. தடை குறைவதால் குண்டு தாழ்வதும் குறைகிறது. ஆகவே திருப்ப வேண்டிய அளவு குறையுமே தவிரக் கூடாது. நெடுந்தூரச் சுடுதலைத் தொழிலாகக் கற்பிப்பவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

சில வாரங்களுக்குப் பிறகு உள்ளூர்ச் சங்கம் ஒன்று நடத்திய 600 கஜ எஃப் கிளாஸ் போட்டிக்குச் சென்றேன். 'போட்டிக்குத் தயார்நிலையில்' என்று விளம்பரம் செய்து விற்கப்பட்ட துப்பாக்கியைப் பார்த்ததுமே, மசில் பிரேக்குக்கு எஃப் கிளாஸ் விதிகளில் இடமில்லை, கழற்றிவிட்டு வாருங்கள் என்றார்கள். வெளியேறும் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டுப் பின்னுதையைக் குறைக்கும் கருவி அது. அருகில் படுத்துச் சுடுபவரின் முகத்திலும் செவியிலும் அந்த வாயுவும் ஓசையும் அறையும். அதைக் கழற்றிய பிறகுதான் 300 மேக்னத்தின் உண்மையான பின்னுதை தெரிந்தது. புதிதாகக் கற்பவர்களுக்குப் பெரும்பாலோர் பரிந்துரைக்கும் 6.5 கிரீட்மூர் என்ற தோட்டாவின் பின்னுதையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அது. இந்த உதையை எதிர்பார்த்து உடல் முன்கூட்டியே சுருங்கும் பழக்கம் ஒருமுறை தொற்றிக்கொண்டால் அதைப் போக்குவது எளிதன்று. கிரீட்மூர் தோட்டா 1000 கஜத்தைத் தாண்டியும், குண்டின் பாதை நிலைகுலையத் தொடங்கும் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குவதில்லை என்பதால், தாளிலும் தகட்டிலும் சுடுபவருக்கு மேக்னத்தின் கூடுதல் வலிமையால் கிடைக்கும் ஆதாயம் மிகக் குறைவு. தோட்டாவின் விலை கூடுதல், குழலும் விரைவில் தேய்கிறது. எனக்கு மேக்னத்தை விற்றதற்கு, கடையில் அது தேங்கிக் கிடந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

போட்டியில் செயலி கொடுத்த அளவைத் திருப்பிச் சுட்டேன். குண்டுகள் தொடர்ந்து மையத்துக்குக் கீழே, நான்கைந்து அங்குலம் தாழ்ந்தே விழுந்தன. அடுத்த விரிப்பில் இருந்த மூத்த போட்டியாளர் ஒருவர், போட்டி முடிந்ததும் என்னை 100 கஜத் தளத்துக்கு அழைத்துச் சென்று, உயரமான அட்டை ஒன்றில் தூக்குநூல் பிடித்து நேர்க்கோடு வரைந்து, அடியில் ஒரு புள்ளியைக் குறிவைத்துச் சுடச் சொன்னார். பிறகு அதே புள்ளியைக் குறிவைத்தபடியே திருகை 30 எம்ஓஏ மேலே திருப்பிச் சுடச் சொன்னார். 100 கஜத்தில் ஓர் எம்ஓஏ என்பது 1.047 அங்குலம், ஆகவே குண்டுகள் 31.4 அங்குலம் மேலே பட்டிருக்க வேண்டும். அளந்தபோது 29.5 அங்குலமே இருந்தது. அதாவது ஸ்கோப்பின் திருகு தான் காட்டும் எண்ணைவிட ஏறக்குறைய ஆறு விழுக்காடு குறைவாக நகர்கிறது. செயலி சொன்ன 27-ஐ இந்தக் குறைபாட்டுக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட்டுப் பாருங்கள்: 28¾ வரும். அட்டையை அச்சிட்டவர்களுக்கு ஸ்கோப்பின் பிழை அளவோடு தெரிந்திருந்தது. அதைச் சரிசெய்யாமல், மாற்றித் தராமல், அட்டைக்குள் ஒளித்து வைத்துவிட்டார்கள்.

அதே ஸ்கோப்பில் இன்னும் இரண்டு குறைகள் இருந்தன. உள்ளே தெரியும் குறிக்கோடுகள் மில் என்ற வேறொரு கோண அளவிலும், வெளியே திருகு எம்ஓஏ அளவிலும் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரு மில் என்பது 3.44 எம்ஓஏ, எனவே குண்டு அரை மில் இடப்புறம் விழுந்தது என்று கண்ணால் கண்டாலும், திருகைத் தொடுவதற்கு முன் மனக்கணக்குப் போட்டாக வேண்டும், அதற்குள் காற்று மாறிவிடும். குறிக்கோடுகளும் திருகும் ஒரே அளவையில் அமைந்த ஸ்கோப்புகள் இன்று நடுத்தர விலையிலேயே தாராளமாகக் கிடைக்கின்றன. இரண்டாவதாக, அது இரண்டாம் குவியத்தள ஸ்கோப். குறிக்கோடுகளின் அளவு ஒரே ஓர் உருப்பெருக்கத்தில் மட்டுமே சரியாக இருக்கும். அது தன்னளவில் குற்றமில்லை, எஃப் கிளாஸ் போட்டியாளர்கள் பலர் விரும்பியே அத்தகையவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வாங்குபவரிடம் அதைச் சொல்லாமல் விற்பது குற்றம்தான்.

தோட்டாக்களின் கதை இதைவிட மோசம். பெட்டியின் மீது குண்டின் எடை மட்டும் கையால் எழுதப்பட்டிருந்தது; வெடிமருந்தின் வகையோ அளவோ தயாரிப்பாளரின் பெயரோ இல்லை. சங்கத்தில் ஒருவரின் குரோனோகிராஃபை (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்து அளந்தபோது, ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாக்களுக்கிடையே விநாடிக்கு 100 அடி வரை வேகம் வேறுபட்டது. 50 அடி வேறுபாடே 1000 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அடி உயர வேறுபாட்டை உண்டாக்கும். நான்கடி உயரத் தகட்டுக்கு அது ஒரு பொருட்டில்லை. போட்டி இலக்கில் அதுவே எல்லாவற்றையும் கெடுக்கப் போதும். விற்பனைக்காகத் தோட்டா நிரப்புவதற்கு இங்கே கூட்டரசின் தயாரிப்பு உரிமம் வேண்டும். அந்த உரிமத்தின் படியைக் காட்டும்படி நான் கேட்ட பிறகு அவர்களுடைய மின்னஞ்சல் மறுமொழிகள் நின்றுவிட்டன. விவரமில்லாத மீள்நிரப்பிய தோட்டாவை எவர் கொடுத்தாலும் சுடாதீர்கள். மருந்து மிகுந்துவிட்டால் சேதமடைவது துப்பாக்கி மட்டுமாக இருக்காது. துப்பாக்கித் தயாரிப்பு நிறுவனங்கள் பலவும் மீள்நிரப்பிய தோட்டாவால் ஏற்படும் பழுதை உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை.

'ஓர் எம்ஓஏ-வுக்குள் உத்தரவாதம்' என்று, அதாவது 100 கஜத்தில் குண்டுகள் ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்குள் நெருங்கி விழும் என்று, துப்பாக்கியோடு கொடுத்த சோதனைத் தாளையும் எடுத்துப் பாருங்கள். அதில் மூன்றே துளைகள் இருக்கும். மூன்று குண்டுகள் தற்செயலாக நெருங்கி விழுவது சாதாரணம். நெருங்கி விழுந்த தாளை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குப்பையில் போடுவது அதைவிடச் சாதாரணம். பத்துக் குண்டுகளை ஒரே தாளில் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பயிற்றுநரின் சுவரில் சான்றிதழ்கள் நிறைய இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை பாதுகாப்பையும் அடிப்படை ரைஃபிள் சுடுதலையும் கற்பிப்பதற்கு உரியவை. அவை மதிக்கத்தக்கவைதான், ஆனால் 1000 கஜத்தில் காற்றைப் படித்துச் சொல்லும் திறமைக்கு அவை சான்றாகா. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, நான் சுட்ட 190 கிரெயின் எடையுள்ள குண்டை அந்தத் தொலைவில் ஏறக்குறைய ஆறடி தள்ளிவிடும். இந்த விளையாட்டில் கற்க வேண்டியதில் பெரும்பகுதி இதுதான். எங்களிடமிருந்து திட்டமிட்டு விலக்கி வைக்கப்பட்டதும் இதுதான். இதே பாடத்தை .22 என்ற சிறிய தோட்டாவில், 100 கஜத்திலும் 200 கஜத்திலும், மிகச் சிறு செலவில் கற்கலாம் என்பதைச் சங்கத்தில்தான் அறிந்தேன். 100 கஜத்திலேயே அதே காற்று அந்தச் சிறு குண்டை ஏறக்குறைய நான்கு அங்குலம் நகர்த்துகிறது. பயணம் செய்ய முடிந்தவர்களுக்கு, ஒஹாயோவின் கேம்ப் பெரியில் கோடைகாலத் தேசியப் போட்டிகளின்போது சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு நடத்தும் தொடக்கப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. 1918-இல் தொடங்கிய மரபு அது. நெடுந்தூரத்துக்கு உரியதன்று என்றாலும், படுக்கை நிலை, மூச்சு, விசை ஆகியவற்றை அங்கே முறையாகக் கற்பிக்கிறார்கள்.

இனிச் சொல்வது எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு மிக முக்கியம். 'நண்பரை அழைத்து வந்தால் கட்டணத்தில் சலுகை' என்று கடை அறிவித்ததால் என்னுடன் வந்த ஒருவர் அந்த விசாவில் இருப்பவர். அவருடைய குடியேற்ற நிலையை எவரும் கேட்கவில்லை. அவரே கேட்டபோது, வாங்குவதற்குத்தான் தடை, வகுப்பில் சுடுவதற்குத் தடையில்லை என்றார்கள். இது அபாயகரமான பொய். குடியேற்றமில்லா விசாவில் அனுமதிக்கப்பட்டவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சட்டம் கூறும் விலக்குகளில் ஒன்று இல்லாமல், துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம் தடைசெய்கிறது. சுடுதளத்தில் இரவலாக வாங்கிச் சுடுவதும் இதில் அடங்கும். 2022-இல் திருத்தப்பட்ட பிறகு இக்குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. நல்ல வேளையாக அவர் சந்தேகப்பட்டு ஒதுங்கி நின்று பார்வையாளராகவே இருந்தார். அதன் பிறகும், 'நிரந்தர வசிப்புரிமை உள்ள நீங்கள் உங்கள் பெயரில் வாங்கி அவருக்குக் கொடுத்துவிடுங்கள்' என்று விற்பனையாளர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்படிச் செய்திருந்தால் இருவருமே குற்றவாளிகள் ஆகியிருப்போம். உங்கள் நிலை குறித்து ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள், கடைக்காரரைக் கேட்காதீர்கள்.

இதுவரை எனக்குத் திரும்பக் கிடைத்தது ஸ்கோப்பின் விலை மட்டுமே, அதுவும் கடன் அட்டை நிறுவனத்தில் மறுப்பு எழுப்பி, 100 கஜச் சோதனைக்குப் பயன்பட்ட உயரமான அட்டையின் படங்களையும் அளவுகளையும் இணைத்த பிறகு. தோட்டாக்களுக்கும் பயிற்சிக்கும் கொடுத்த பணத்துக்காக, டெக்சாஸின் வணிக ஏமாற்றுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் முன்னறிவிப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். வழக்குத் தொடுப்பதற்கு 60 நாட்கள் முன்னதாக அதை அனுப்ப வேண்டும் என்பது விதி. 20,000 டாலர் வரையிலான கோரிக்கைகளை இங்கே சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே தாக்கல் செய்யலாம். மாநில அரசுத் தலைமை வழக்கறிஞரின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும் புகார் பதிவாகியுள்ளது.

இதே தொகுப்பை ஏற்கெனவே வாங்கியவர்கள், கடன் அட்டைக் கணக்கில் மறுப்புத் தெரிவிக்கும் காலக்கெடு முடிவதற்குள், மேலே சொன்ன 100 கஜச் சோதனையைச் செய்து, குண்டு துளைத்த அட்டையைப் படமெடுத்து வையுங்கள். மீதமுள்ள தோட்டாக்களைச் சுட வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். பெட்டியோடு அப்படியே இருக்கட்டும். அச்சிட்டுக் கொடுத்த அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். என் வழக்கில் வலுவான சான்று இப்போதைக்கு அதுதான்.