செட், ஆக், கிரெப்: லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் மாறி மாறி ஓட்டிய அனுபவம்

சர்வர் லினக்ஸ், கையில் இருப்பது மேக், கோப்புகள் வருவதோ விண்டோஸிலிருந்து. இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரே ஷெல் ஸ்கிரிப்டுகளை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்புகளை, பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உரையைத் திருத்தும் செட் (sed), நெடுவரிசைகளாகப் பிரிக்கும் ஆக் (awk), வரிகளைத் தேடும் கிரெப் (grep) எல்லாம் அவற்றில் வருபவை. “கமாண்ட் லைன் எல்லா இடத்திலும் ஒன்றுதான்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெயர்தான் ஒன்று. லினக்ஸில் பெரும்பாலும் குனு (GNU) திட்டத்தின் பதிப்பு, மேக்கில் பிஎஸ்டி (BSD) என்ற யூனிக்ஸ் வகையின் வழி வந்தது, ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் ஓடும் கன்டெய்னருக்குள் போனால் இவற்றையெல்லாம் ஒன்றாகச் சுருக்கி அடக்கிய பிஸிபாக்ஸ்.

அதிகம் படுத்துவது செட்தான். கோப்பை இருந்த இடத்திலேயே திருத்தும் மைனஸ் ஐ (-i) என்ற தேர்வு, இந்தக் கருவிகளுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்தில் கிடையாது, அதனால் ஆளுக்கொரு விதமாகச் செய்துவைத்திருக்கிறார்கள். பழைய கோப்பின் நகலுக்குப் பெயரில் சேர்க்கும் பேக்கப் பின்னொட்டு குனுவில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. மேக்கில் கட்டாயம் வேண்டும். லினக்ஸில் ஓடிய வரியை அப்படியே மேக்கில் போட்டால், நீங்கள் எழுதிய மாற்றுக் கட்டளையையே பின்னொட்டாக எடுத்துக்கொண்டு, கோப்பின் பெயரைக் கட்டளையாகப் படிக்கப் பார்த்து, சம்பந்தமே இல்லாத ஒரு பிழைச் செய்தியைத் துப்பும். நடுவில், அடுத்து வருவது கட்டளை என்று சொல்லும் மைனஸ் ஈ (-e) இருந்தால் இன்னும் வேடிக்கை: பிழை வராது, வேலையும் நடந்துவிடும், ஆனால் ஃபோல்டர் முழுக்க மைனஸ் ஈ என்று முடியும் பேக்கப் கோப்புகள் கிடக்கும். மைனஸ் ஐ-யோடு இடைவெளி விடாமல் ‘.பேக்’ என்று ஒட்டி (-i.bak) எழுதினால் இரண்டிலும் ஓடுகிறது.

விண்டோஸ் கோப்பில் வரி முடிவில் கூடுதலாக கேரேஜ் ரிட்டர்ன் என்ற ஒரு கட்டுப்பாட்டு எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். திரையில் தெரியாது. டாலர் குறி போட்டு வரிக்கடைசியைத் தேடினால் கிரெப் கையை விரிக்கும், ஆக்கில் கடைசி நெடுவரிசையை ஒப்பிட்டால் பொருந்தாது. இதற்காக ரெகெக்ஸை, அதாவது தேடல் வடிவத்தை, போட்டுக் குடைவதற்கு முன்னால் ‘ஓடி மைனஸ் சி’ (od -c) போட்டு முதல் சில வரிகளின் பைட்டுகளைப் பாருங்கள், அது லினக்ஸ், மேக், ஆல்பைன் எல்லாவற்றிலும் இருக்கிறது. விண்டோஸின் கட்டளை ஷெல்லான பவர்ஷெல் 5.1-இல் அம்புக்குறி (>) போட்டுச் சேமித்த கோப்பு என்றால் அது யூடிஎஃப்-16 குறியாக்கம், முதலில் ஐகான்வ் (iconv) என்ற மாற்றி வழியாக யூடிஎஃப்-8 ஆக்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

தமிழ்த் தரவு என்றால் கதை தனி. ‘கொடி’ என்பது நமக்கு இரண்டு எழுத்து. லோகேல், அதாவது கணினியின் மொழி அமைப்பு, யூடிஎஃப்-8 ஆக இருந்தால் குனுவின் ஆக்கான கேஆக் (gawk) குறியீடுகளை எண்ணி அதன் நீளம் 4 என்று சொல்லும், டெபியன் லினக்ஸில் இயல்பாக வரும் இன்னொரு ஆக்கான எம்ஆக் (mawk) பைட்டுகளை எண்ணி 12 என்று சொல்லும். இது போதாதென்று ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், கிரெப்புக்கு இரண்டும் வேறு. வேறு வேறு இடத்திலிருந்து வரும் கோப்புகளை இப்படிப் பிரிந்ததை ஒன்றாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றாமல் தேடினால் பாதி வரிகள் சத்தமில்லாமல் விட்டுப்போகும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் குனு டிஆரும் (tr) பைட் பைட்டாகத்தான் வேலை செய்கிறது, தமிழ் எழுத்தை அதனிடம் கொடுத்தால் குதறிவிடும்.

வரிசைப்படுத்தும் சார்ட் (sort) லோகேலைப் பார்த்து வரிசையை மாற்றிக்கொள்ளும். ஒரு கணினியில் வரிசைப்படுத்தியதை இன்னொன்றில் கோப்புகளை ஒப்பிடும் காம் (comm), இணைக்கும் ஜாயின் (join) இரண்டுக்கும் கொடுத்தால் வரிசையே சரியில்லை என்று புலம்புவது இதனால்தான். மொழியைப் பாராமல் பைட் வரிசையை மட்டும் பார்க்கச் சொல்லும் எல்சி_ஆல்=சி (LC_ALL=C) என்று எல்லாக் கட்டளைக்கும் முன்னால் போட்டால் தீர்ந்தது, ஆனால் ஒன்றுக்குப் போட்டு மற்றதற்கு விட்டால் பயனில்லை.

மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிறுவும் கருவி வழியாக குனு கருவிகளைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். சொந்த உபயோகத்துக்குச் சரி, அடுத்தவர் கணினியில் ஓடவேண்டிய ஸ்கிரிப்டுக்கு அது உதவாது. கொஞ்சம் சிக்கலான எதுவாக இருந்தாலும் இப்போது பெர்ல் (Perl) நிரல்மொழிக்குப் போய்விடுகிறேன். அதன் மைனஸ் ஐ லினக்ஸிலும் மேக்கிலும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது. தமிழுக்கு, கோப்புகளை யூடிஎஃப்-8 ஆகப் படிக்கச் சொல்லும் மைனஸ் சிஎஸ்டி (-CSD) வேண்டும், கட்டளைக்குள்ளேயே தமிழ் எழுதினால் யூடிஎஃப்8 மாட்யூலையும் (-Mutf8) சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் இதுவும் பைட்டுகளைத்தான் எண்ணும். ஆல்பைனில் மட்டும் பெர்ல் தானாக வராது, ஏபிகே ஆட் (apk add perl) போட்டு நிறுவிக்கொள்ளுங்கள்.