அம்பாசடரின் வாக்குவம் குழாய்களை முறைப்படுத்திய கே.புதூர் பட்டறை

பழைய 1489 சிசி இன்ஜினை எடுத்துவிட்டு இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினைப் பொருத்திய என் மார்க் 3 அம்பாசடர், வேறொரு பட்டறையிலிருந்து வந்தபோது ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது) நடுங்கியது. பிரேக் பெடலும் கல்லாக இருந்தது. மதுரை கே.புதூர் தொழிற்பேட்டைக்கு அருகிலுள்ள இந்தச் சிறிய பட்டறையில்தான் அதற்குத் தீர்வு கிடைத்தது.

மூத்த மெக்கானிக் கார்புரேட்டரில் கைவைக்கவில்லை. முதலில் இன்ஜினின் உறிஞ்சும் விசையை அளக்கும் வாக்குவம் கேஜை இணைத்தார். நல்ல இன்ஜின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு காட்ட வேண்டும் என்றும், முள் அதற்குக் கீழே நின்றால் எங்கோ காற்று புகுந்துகொண்டிருக்கலாம் என்றும் பொறுமையாக விளக்கினார். அந்த உறிஞ்சும் விசையால் பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பிரேக் பூஸ்டருக்கு, முந்தைய பட்டறையில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைப் போட்டிருந்தார்கள். இன்ஜின் சூட்டில் அது இளகி, உறிஞ்சும் விசையில் உள்பக்கம் ஒட்டி அடைத்துக்கொண்டது. அதை நீக்கிவிட்டு, இன்ஜினுக்குள் காற்று செல்லும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து நேராகத் தடித்த ரப்பர் ஹோஸை, காற்றை ஒரே திசையில் விடும் செக் வால்வுடன் இணைத்தார். டிஸ்ட்ரிபியூட்டரில் தீப்பொறி நேரத்தை முன்னே நகர்த்தும் அட்வான்ஸ் குழாயை, கார்புரேட்டரில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் தகட்டுக்கு மேலுள்ள துளைக்கு மாற்றியதால், ஐடிலிங்கில் அந்த டைமிங் நிலையாக நிற்கிறது. பயன்படாத துளைகளை மூடி, எக்சாஸ்டை விட்டு விலகியே எல்லாக் குழாய்களையும் கொண்டுசென்றிருக்கிறார். பழைய கார்களின் மீது உண்மையான அக்கறை உள்ளவரின் வேலை இது.

கூலி சற்று அதிகம், காத்திருக்கவும் வேண்டும். குழாய்களின் வரைபடத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களாகத் தருவதில்லை.